மருத்துவர் முன்னால் அப்பா சொல்லும் பொய்

மாற்றுத்திறனாளி உதவித்தொகை என்று பேச்செடுத்தால் எல்லோரும் அலைச்சலைப் பற்றித்தான் சொல்வார்கள். சென்னை ஆட்சியர் அலுவலகமான சிங்காரவேலர் மாளிகையில் திங்கட்கிழமை மனு கொடுக்க நிற்கும் கூட்டம், இ-சேவை மையத்தில் படுத்துவிட்ட சர்வர், 'ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) ரிப்போர்ட் இன்னும் வரலை' என்று திருப்பி அனுப்பும் மேசை. அத்தனையும் உண்மை. ஆனால் வயதான அப்பாவுக்கோ அம்மாவுக்கோ வருகிற தொகை கூடுமா, அப்படியே நிற்குமா என்பதை முடிவு செய்வது அந்த அலைச்சல் அல்ல. ஊனச் சதவீதம் போடும் மருத்துவக் குழு முன்னால் அவர் உட்காரும் அந்தச் சில நிமிடங்கள். அந்த நிமிடங்களில் பொய் சொல்கிறவர்கள் நிறைய. இல்லாத குறையை இருப்பதாகச் சொல்கிறவர்களைப் பற்றித்தான் ஊரே பேசுகிறது. இருக்கிற குறையை இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வருகிறவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

காசிமேட்டில் வலை இழுத்தவர், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், மணலி கம்பெனியில் நைட் ஷிஃப்ட் பார்த்தவர். ஆயுசு முழுக்க உடம்பை நம்பிப் பிழைத்தவரிடம் "மாடிப்படி ஏறுவீங்களா பெரியவரே?" என்று கேட்டால் என்ன சொல்வார்? "அதெல்லாம் ஏறிடுவேன் சார்" என்பார். எப்படி ஏறுவார் என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து, நல்ல காலை மேலே வைத்து, மற்றதை இழுத்து, நாலு படிக்கு ஒருமுறை உட்கார்ந்து, பேரன் பின்னால் முட்டுக் கொடுக்க, ஒருவழியாக அரசு வாரிய வீட்டின் மூன்றாம் மாடி. அத்தனையையும் 'ஏறிடுவேன்' என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுகிறார். எதிரே இருக்கும் மருத்துவர் கேட்டதையும் பார்த்ததையும்தான் எழுத முடியும்.

எந்தக் கோட்டில் என்ன மாறுகிறது

தமிழ்நாட்டில் இரண்டு வாசல்கள். ஒன்று வருவாய்த் துறை: வட்டாட்சியர் அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கென்று இருக்கும் தனி வட்டாட்சியர் உத்தரவு போடும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். ஊனம் 40 சதவீதமும் அதற்கு மேலும் இருக்க வேண்டும், வருமான நிபந்தனையும் உண்டு. 2023 ஜனவரியில் இது 1000 ரூபாயிலிருந்து 1500 ஆனது. இன்னொன்று மாற்றுத்திறனாளிகள் நலத் துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை. இது கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு. கை கால் குறைபாட்டுக்கு 75 சதவீதம் வேண்டும், அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு ஆகியவற்றுக்கு 40 போதும். 2023-ல் இது 2000 ரூபாய். அரசாணைக்கு அரசாணை தொகை மாறும் என்பதால் இன்றைய எண்ணை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வதே சரி. ஒருவர் இரண்டையும் வாங்க முடியாது.

இவற்றுக்குப் பின்னால் மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியம் ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள, 80 சதவீத ஊனமுள்ள, 18 முதல் 79 வயது வரையிலானவர்களுக்கு மாதம் 300 ரூபாய் மத்தியப் பங்கு. 80 வயது ஆனதும் அவர் அதிலிருந்து விலகி முதியோர் ஓய்வூதியக் கணக்குக்குப் போவார், அங்கே மத்தியப் பங்கு 500. கையில் வாங்குகிறவருக்கு இந்தப் பங்கீடு தெரிய வேண்டிய அவசியமில்லை. ஆனால் கோப்பு ஒரு திட்டத்திலிருந்து இன்னொரு திட்டத்துக்கு நகரும்போது பிறந்த தேதி சரிபார்க்கப்படும். ஆதாரில் ஒரு வருஷம், ரேஷன் அட்டையில் இன்னொரு வருஷம், மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யூடிஐடியில் மூன்றாவது வருஷம் என்று இருந்தால் கோப்பு அங்கேயே படுத்துவிடும். எண்பதை நெருங்குகிறவர் வீட்டில் இருந்தால் ஒரு வருஷம் முன்னதாகவே மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

போகிற போக்கில் ஒன்று. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, மற்றவர்களுக்கான அதே மாதிரித் திட்டத்தைவிட மாற்றுத்திறனாளிக்கு 25 சதவீதமாவது கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது. 2023 ஆகஸ்டில் முதியோர் ஓய்வூதியம் 1200 ஆனது. அதோடு 25 சதவீதம் சேர்த்தால் 1500. சட்டம் சொன்ன குறைந்தபட்சத்தில் அப்போது கச்சிதமாக வந்து நின்றது, ஒரு ரூபாய்கூட மேலே இல்லை.

சதவீதம் எப்படிப் போடுகிறார்கள்

கால் எடுக்கப்பட்டவர்களுக்கு அட்டவணை உண்டு. பாதத்தின் முன்பகுதி மட்டும் போனால் 30, நடுப்பாதம் வரை போனால் 40, முழங்காலுக்குக் கீழே காலின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் எடுத்திருந்தால் 60, முழங்காலுக்கு மேலே என்றால் 80, 85. சர்க்கரை நோயில் பெரும்பாலும் ஒரேயடியாகக் கால் போவதில்லை. முதலில் விரல், அப்புறம் பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே. முதல் அறுவைக்குப் பிறகு வாங்கிய அட்டையை வைத்துக்கொண்டே மூன்றாவது அறுவைக்குப் பிறகும் காலம் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். உடம்பு மாறியது அட்டைக்குத் தானாகத் தெரியாது. மறுமதிப்பீட்டுக்கு நாம்தான் விண்ணப்பிக்க வேண்டும். எந்த மட்டத்தில் எடுத்தார்கள் என்பது அறுவைக் குறிப்பில் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'கால் நீக்கம்' என்று பொத்தாம்பொதுவாக இருந்தால் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். வெட்டிய இடத்தில் நரம்பு முடிச்சு, தொற்று, மேல்மூட்டு இறுக்கம் போன்ற சிக்கல் இருந்தால் மொத்தமாக 10 சதவீதம் கூட்டலாம் என்று வழிகாட்டுதல் சொல்கிறது. இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

இரண்டு குறைபாடுகள் இருந்தால் நேரடியாகக் கூட்ட மாட்டார்கள். பெரிய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, சிறிய எண்ணை (90 − பெரிய எண்) ஆல் பெருக்கி, 90-ஆல் வகுத்து வருவதைச் சேர்ப்பார்கள். காலுக்கு 60, சர்க்கரையால் கண்ணுக்கு 40 என்று வைத்துக்கொள்வோம். நாம் 100 என்று நினைப்போம். கணக்கு 60 + 40 × 30 ÷ 90, அதாவது 73. பராமரிப்பு உதவித்தொகைக்கு 75 வேண்டிய இடத்தில் கொஞ்சத்தில் தவறிப்போகிறது. அதே ஆளுக்கு வெட்டிய இடத்துச் சிக்கலுக்கான 10 சேர்ந்து காலுக்கு 70 என்று பதிவானால் 70 + 40 × 20 ÷ 90, கிட்டத்தட்ட 79. 'அங்க வலிக்குதா?' என்ற கேள்விக்கு "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்று சொன்னதால் போனது இந்த ஆறு சதவீதம்தான்.

காலில் உயிர் இருந்தும் வலு இல்லாதவர்களுக்கு, நிலைத்தன்மையைப் பார்க்க ஒன்பது செயல்கள்: சமதளத்தில் நடப்பது, சரிவில் நடப்பது, படியேறுவது, இரண்டு காலில் நிற்பது, பாதித்த காலில் நிற்பது, குந்துவது, சம்மணமிடுவது, முழங்காலிடுவது, திரும்புவது. ஒவ்வொன்றுக்கும் 10, மொத்தம் 90. கைக்குப் பத்துச் செயல்கள், ஒவ்வொன்றுக்கும் 9: தலைக்கு மேலே இருப்பதை எடுத்து வைப்பது, மூக்கைத் தொடுவது, சோறு பிசைந்து சாப்பிடுவது, தலை வாருவது, சட்டை போடுவது, மலம் கழித்தபின் கழுவுவது, தண்ணீர் குடிப்பது, பட்டன் போடுவது, வேட்டி கட்டுவது, எழுதுவது. பக்கவாதம் போன்ற நரம்புப் பாதிப்பு என்றால் நோய் வந்து ஆறு மாதம் கழித்துத்தான் மதிப்பீடு. அதற்கு முன்னால் போய் நிற்பது வீண். பேச்சும் குழறுகிறது என்றால் அது தனிக் குறைபாடு, தனியாகப் பார்க்கச் சொல்ல வேண்டும். எலும்பு, கண், காது, நரம்பு மருத்துவர்கள் எல்லோரும் ஒரே நாளில் உட்கார மாட்டார்கள், எந்தக் கிழமை யார் என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்தால் ஆட்டோ காசு மிச்சம்.

அந்தச் சில நிமிடங்கள்

இப்போது அப்பாவிடம் வருவோம். அவரைத் தயார்படுத்துவது என்றால் நடிக்கக் கற்றுக்கொடுப்பது என்று சிலர் புரிந்துகொள்கிறார்கள். அது தப்பு மட்டுமல்ல, பயனும் இல்லை. நூற்றுக்கணக்கானவர்களைப் பார்த்த மருத்துவருக்கு நொண்டி நடிப்பவர் யார் என்று வாசலிலேயே தெரிந்துவிடும், அதன்பிறகு உண்மையான குறையையும் நம்ப மாட்டார். நாம் செய்ய வேண்டியது, அவர் உண்மையை முழுசாகச் சொல்லும்படி பழக்குவது. இது நடிப்பைக் கற்றுக்கொடுப்பதைவிடக் கஷ்டம்.

மதிப்பீட்டுக்கு இரண்டு வாரம் முன்பிருந்து ஒரு நோட்டுப் போடுங்கள். குளிக்க யார் பிடித்தார்கள், கழிவறைக்குப் போய்வர எவ்வளவு நேரம், எங்கே விழுந்தார், இரவு எத்தனை முறை எழுப்பினார், எந்த வேலையை இப்போதெல்லாம் செய்வதே இல்லை. தேதி போட்டு, ஒரு நாளுக்கு நாலு வரி போதும். இதை மருத்துவரிடம் நீட்டினால் அவர் படிப்பார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. இதைப் படிக்க வேண்டியவர் அப்பா. சாயங்காலம் உட்கார்ந்து அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். முதலில் கோபம் வரும். "இன்னாடா, என்னை ஒண்ணுத்துக்கும் ஆகாதவன்னு எழுதி வெச்சிருக்க?" என்பார். அந்தக் கோபம் வீட்டிலேயே வந்துபோவது நல்லது. மருத்துவர் முன்னால் முதல்முறையாகக் கேட்டால் அங்கேயே மறுத்துவிடுவார். அப்புறம் அவரே திருத்துவார்: "செவ்வாக்கிழமை விழல, சாஞ்சேன், அவ்ளோதான்." திருத்தட்டும். அவர் வாயிலிருந்து வருகிற சொல்தான் அந்த அறையில் செல்லும்.

'முடியுமா?' என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று நிறுத்தாமல் இன்னொரு வாக்கியம் சேர்க்கப் பழக்குங்கள். "ஏறுவேன் சார், உக்காந்து உக்காந்து ஏறுவேன்." "சாப்பிடுவேன், பிசைஞ்சு குடுக்கணும்." மானத்தை விடாமல் உண்மையும் வந்துவிடுகிறது. முந்திக்கொண்டு நீங்கள் பதில் சொன்னால் அவர் உங்களை மறுக்க ஆரம்பிப்பார், பிள்ளைக்கு எதிராக அப்பா சாட்சி சொல்வது போல ஆகிவிடும். வாயை மூடிக்கொண்டு நின்று, தேவைப்பட்டால் "எப்படி ஏறுவாருன்னு ஒருதடவை செய்யச் சொல்லிப் பாருங்க சார்" என்று மட்டும் கேளுங்கள்.

இன்னும் சில. வெட்கப்பட்டு ஊன்றுகோலையோ வாக்கரையோ வெளியே பெஞ்சில் சாய்த்துவிட்டு உள்ளே போவார், கையிலேயே இருக்கட்டும். செயற்கைக் கால் போட்டிருந்தால் எளிதில் கழற்றிக் காட்டும்படி லுங்கியோ தளர்ந்த வேட்டியோ நல்லது. 'வெளியே போறோமே' என்று வழக்கத்துக்கு மேல் ஒரு வலி மாத்திரை கொடுத்துக் கூட்டிப் போகிறார்கள், அன்று பார்த்து நன்றாக நடக்கிறார். அதற்காக வழக்கமான மருந்தை நிறுத்திவிடவும் கூடாது. அம்மாக்கள் விஷயத்தில் சிக்கல் வேறு மாதிரி. அவர்கள் குறையை மறைப்பதில்லை, சின்னதாக்கிவிடுவார்கள். "வயசானா இருக்கிறதுதானே மேடம்" என்று ஒரே வரியில் முழங்காலையும் கண்ணையும் வயதின் தலையில் போட்டுவிடுவார்கள்.

மாறும்போது விழும் பள்ளம்

அட்டையின் நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். யூடிஐடியில் 40-க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80-க்குக் கீழே மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம். பராமரிப்பு உதவித்தொகையின் கோடு 75. ஆக 76 சதவீதக்காரர் மஞ்சள் அட்டையோடு நின்றாலும் அதற்குத் தகுதியானவர்தான். சான்று தற்காலிகமா நிரந்தரமா என்பதையும் பாருங்கள், தற்காலிகம் என்றால் முடியும் தேதி அதிலேயே இருக்கும். அந்தத் தேதிக்கு மூன்று மாதம் முன்னதாகவே புதுப்பிக்கக் கிளம்பிவிட வேண்டும்.

75-ஐத் தாண்டிவிட்டால் உடனே 1500-ஐ விட்டுவிட்டு 2000-க்கு மாற வேண்டும் என்று எல்லோரும் அவசரப்படுவார்கள். பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது வருவாய்த் துறையில் எதுவும் வாங்கவில்லை என்பதற்குச் சான்று கேட்பார்கள். அதற்காக 1500-ஐ நிறுத்தினால், 2000 வரும்வரை கையில் ஒன்றும் இருக்காது. 2023-ன் தொகைகளை வைத்தே கணக்குப் போட்டுப் பாருங்கள்: மூன்று மாதம் இடைவெளி விழுந்தால் 4500 ரூபாய் போச்சு. மாதம் 500 கூடுதல் என்ற கணக்கில் அதை மீட்க ஒன்பது மாதம். ஆறு மாதம் இழுத்தால் ஒன்றரை வருஷம். ஆகவே நிறுத்தும் கடிதம் கொடுப்பதற்கு முன்னால் நலத் துறை அலுவலகத்தில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, காத்திருப்போர் பட்டியல் இருக்கிறதா, இருந்தால் எந்த மாத விண்ணப்பத்துக்கு இப்போது உத்தரவு போடுகிறார்கள் என்பது. பதில் மழுப்பலாக வந்தால் 10 ரூபாய்க்கு ஒரு தகவல் உரிமை மனு. 30 நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும். அதுவரை பழையது ஓடட்டும். வயது 78, உடம்பு தளர்ந்தவர் என்றால் மாறாமலே இருந்துவிடுவதுகூடச் சரியான முடிவாக இருக்கலாம். மாறினால்தான் லாபம் என்று கிடையாது.

பணம் எங்கே போய் விழுகிறது

உத்தரவு வந்தும் பணம் வரவில்லை என்றால் முதலில் வங்கியைப் பாருங்கள். ஆதார் வழியே அனுப்பும் தொகை, கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை அரசின் நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு இணைத்தோமோ அங்கேதான் போகும். பாஸ்புக் காட்டியது ஒரு வங்கி, கேஸ் மானியத்துக்காகத் திறந்தது இன்னொரு வங்கி என்றால் பணம் மற்றதில் கிடக்கும். மை-ஆதார் இணையதளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பார்த்தால் எந்த வங்கி என்று தெரிந்துவிடும். அடுத்த தொல்லை இனிஷியல். ஆதாரில் இனிஷியல் முன்னால், பாஸ்புக்கில் பின்னால், யூடிஐடியில் அப்பா பெயர் விரிவாகக் குடும்பப் பெயர் போல. கணினிக்கு மூன்றும் மூன்று ஆள்.

கையெழுத்துப் போட்டவர் பக்கவாதத்துக்குப் பிறகு கைநாட்டு வைக்க வேண்டி வந்தால், ரிசர்வ் வங்கி விதிப்படி வைக்கலாம். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்களில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். கைவிரல் முடியாவிட்டால் கால்விரல் ரேகையும் செல்லும். கவுன்ட்டரில் 'முடியாது' என்று சொன்னால் மேலாளரிடம் போய் இந்த விதியைச் சொல்லுங்கள். 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து வங்கிச் சேவை தர வேண்டும் என்று 2017 நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு ஆதார் புதுப்பிக்கவும் வீட்டுக்கு வரும் கட்டணச் சேவை உண்டு. மெஷினில் ரேகை விழவில்லை என்றால் கருவிழியோ முகமோ வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வலை இழுத்துத் தேய்ந்த விரலைத் துடைத்துத் துடைத்து அழுத்திக்கொண்டிருப்பதில் பயனில்லை.

வட சென்னைக்கே உரிய சங்கடம் விலாசம். வாரியக் குடியிருப்பை இடித்துக் கட்டும்போது குடும்பங்கள் கொடுங்கையூருக்கும் எர்ணாவூருக்கும் வாடகைக்குப் போகின்றன. சரிபார்க்க வருகிறவர் பழைய பிளாக்கில் கட்டடமே இல்லாததைப் பார்த்து 'விலாசத்தில் இல்லை' என்று எழுதிவிட்டுப் போவார், அடுத்த மாதம் பணம் நிற்கும். காலி செய்யும் வாரத்திலேயே, இருக்கும் இடத்தைக் குறிப்பிட்டுப் பழைய வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம், ஒப்புகைச் சீட்டோடு. வாரியம் தந்த காலி செய்யும் நோட்டீஸின் நகலை அதோடு இணையுங்கள். தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் போனால் வட்டம்தான் மாறும். பெரும்பாக்கம் போனால் மாவட்டமே மாறுகிறது, செங்கல்பட்டுக்குக் கோப்பை மாற்றக் கேட்டு வாங்க வேண்டும். காகிதங்களை ஜிப் உறையில் போட்டு பரண்மேல் வையுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்ததெல்லாம் என்ன ஆனது என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சதவீதம் குறைந்து வந்தால்

சான்று கைக்கு வந்ததும் எண்ணை மட்டும் பார்க்காமல், எந்தெந்தக் குறைபாட்டைப் பதிந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கண்ணையும் பார்த்தார்கள், ஆனால் சான்றில் கால் மட்டும்தான் இருக்கிறது என்றால் அது எழுத்தில் விட்டுப்போனது, அதே மருத்துவமனையில் கேட்டு முடித்துக்கொள்ளலாம். மதிப்பீடே தவறு என்று தோன்றினால் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யும் உரிமை உண்டு. செய்வதற்கு முன் ஒரு விஷயம். 60 வர வேண்டியது 52 வந்திருந்தால் உதவித்தொகையில் எந்த மாற்றமும் வராது, அப்பாவை இன்னொருமுறை வரிசையில் உட்கார வைத்ததுதான் மிச்சம். 38 வந்திருந்தாலோ 72, 73 வந்திருந்தாலோ மேல்முறையீடு செய்தே ஆக வேண்டும். அப்போது அறுவைக் குறிப்பு, சமீபத்திய கண் பரிசோதனை, வெட்டிய இடத்துச் சிகிச்சைச் சீட்டு, அந்த நோட்டு எல்லாம் கையில் இருக்கட்டும். இந்தத் தடவை "ஒண்ணும் இல்ல சார்" என்று ஆரம்பித்தால் அவரே நிறுத்திக்கொண்டு அடுத்த வாக்கியத்தைச் சொல்லும் அளவுக்கு வீட்டில் பேசி முடித்திருக்க வேண்டும்.